முருகைக்கல் இரண்டு

முப்பது வருடத்துக்குக் கிட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். எதைக் கண்டாலும் அதற்கு ஒரு விளக்கம் சொல்லாவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பிழையாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுவேன். வகுப்பில் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு காணி வாங்கப் போனதும் அந்தப் பழக்கத்தோடுதான்.

கற்பிட்டிப் பக்கம், களப்புக் கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் அரை ஏக்கர். முழுக்க மணல். நாலு தென்னை, ஒரு பழைய கிணறு, வேலி மூலையில் ஒரு வேம்பு, மிச்சமெல்லாம் அடம்பன் கொடி. என் கணவருக்குப் புத்தளத்தில் இரும்புக் கடை. அவர் காணியை ஒருதரம் சுற்றி வந்துவிட்டுச் செருப்பைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

"பாலைவனம் பாக்கிற ஆசை ஈந்தா சொல்லீக்கலாமே புள்ள. இன்னொருக்கா உம்ராவுக்குப் போயீக்கலாம்."

"நீங்க கடையிலயே இரிங்க. ஊட்ட நான் கட்டுறேன்" என்றேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். டவுனில் எங்கள் வீட்டு வாசலில் லொறிகள் பின்னுக்கு எடுக்கும் சத்தம் விடிந்தால் தொடங்கிவிடும். களப்பைப் பார்த்தபடி ஒரு விறாந்தை, அதில் ஒரு சாய்மனைக் கதிரை, உச்சமுனைக்குப் போகிற வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் என்பது என் ஆசை. கணக்குக் கொப்பியின் கட்டத் தாளில் வீட்டை நானே கீறினேன். மேசன் அதைப் பார்த்து, கோடெல்லாம் நேராக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

காணி துப்புரவாக்கும் வேலைக்குச் சிலாபம் பக்கத்துச் சிங்கள ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கணவருக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் ஓய்வு. மற்ற நாட்களில் நான் பஸ்ஸில் தனியே வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். கொடியை இழுக்க இழுக்க மணலுக்குள் இருந்து சாமான்கள் வரத் தொடங்கின. பல்லுப் போன சீப்பு. பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற நீலக் கண்ணாடிக் குண்டு ஒன்று. குப்பிலாம்பு செய்த ஜாம் போத்தல், மூடியில் திரிக்கு ஓட்டை. காது உடைந்த அலுமினியக் கோப்பை. அடியெல்லாம் ஆணியால் குத்தின ஒரு பால்மாத் தகரப் பேணி. உக்கிப்போன தறப்பாள் துண்டுகள், அதில் எழுத்து இருந்த அடையாளம்.

யாருடைய சாமான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வடக்கில் இருந்து உடுத்த உடுப்போடு யுத்த காலத்தில் விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனம், இந்தப் பக்கத்துக் காணிகளில்தான் கிடுகுக் குடிசை போட்டு வருடக்கணக்காக இருந்தது. அப்போது நான் புதிதாக வேலைக்கு வந்த டீச்சர். அந்தப் பிள்ளைகளுக்குக் கொட்டிலில் வைத்துப் படிப்பித்திருக்கிறேன். ஆகவே எல்லாம் தெரிந்தவள் போல ஒவ்வொரு சாமானையும் கழுவி, கிணற்றுக் கட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டினேன். கண்ணாடிக் குண்டு ஒரு குழப்படிக்காரப் பிள்ளையுடையது. சீப்பு கல்யாணம் பேசி நின்ற குமருடையது. பேணி, தேங்காய் துருவ வசதி இல்லாமல் ஒருத்தி கண்டுபிடித்த உபாயம். வெள்ளிக்கிழமை கணவர் வந்தபோது அவரை நிற்கவைத்து முழுக் கதையையும் சொன்னேன். அவர் வெயிலில் நின்று கேட்டுவிட்டு, "பரீட்சை வைக்காத வரைக்கும் சரி" என்றார்.

அந்த முதல் கிழமையில்தான் இரண்டு கற்களும் கிடைத்தன. வேலை ஆட்களுக்குத் தேத்தண்ணீர் வைக்க அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தேன். மணல் காணியில் கல்லுக்கு எங்கே போவது? கொடியைக் காலால் விலக்கியபோது கடலில் விளைகிற முருகைக்கல் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒரு முழமும் கொஞ்சமும் இடைவெளி. கடற்கரையில் பொறுக்கினால்கூட இப்படி ஒரே அளவில் இரண்டு அகப்படாது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மண்வெட்டியால் நெம்பி எடுத்து, மூன்றாவதுக்குத் தென்னங்குற்றி ஒன்றை வைத்து, அடுப்பு மூட்டினேன். ஒவ்வொரு சாமானுக்கும் கதை கட்டின நான் இந்த இரண்டுக்கும் ஒரு கதையும் கட்டவில்லை. கல்தானே.

அதற்குப் பிறகு டிராக்டர் வந்து நிலத்தை மட்டப்படுத்தியது. மேசன் ஆப்பு அடித்து நூல் கட்டினார். மணலில் என் வீடு கோடாகத் தெரிந்தது. விறாந்தை எங்கே, குசினி எங்கே, கக்கூஸ் எங்கே என்று நூலுக்குள்ளே நடந்து பார்த்தேன்.

பக்கத்துக் காணியில் ஒரு கத்தோலிக்கப் பெண் இருக்கிறார். கருவாடு போட்டு விற்பவர். நாங்கள் வந்த நாட்களில் தலவிலைத் திருவிழா. அவருடைய வீடு சிலாபத்துச் சொந்தக்காரரால் நிரம்பி வழிந்தது. வேலிக்கு மேலால் கையைக் காட்டுவார், அவ்வளவுதான். திருவிழாச் சனம் போய் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் ஒரு பொதி கருவாட்டோடு வந்தார். நான் கதிரையைப் போட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவர் உட்காரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், இந்தக் கல்லு எங்க எடுத்த?"

"இங்கதான், கொடிக்குள்ள கிடந்திச்சி."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "அது புள்ளக் கல்லு டீச்சர். முந்தி இஞ்ச இருந்த ராத்தாட புள்ள. மழைக்குள்ள குறை மாசத்தில, உசிரில்லாமப் பிறந்தது. ரோட்டெல்லாம் தண்ணி, மையவாடிக்குக் கொண்டு போக வழி இல்ல. அவட மனிசன்தான் இஞ்சயே அடக்கி, கடற்கரையில இருந்து சைக்கிள்ள கல்லுக் கொண்டு வந்து வச்சவர். காணி வித்துப் போச்செண்டு நான்தான் அவவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வாங்கினவங்ககிட்ட அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லுங்க எண்டு அழுதா. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்திட்டேன்."

தண்ணீர் கொதித்தது. ஒரு கல்லின் மேல்பக்கம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. நான் அடுப்பை இழுத்து அணைத்தேன். கை சுட்டது, அது பிறகுதான் தெரிந்தது.

வாசிக்கிறவர்கள் கேட்கலாம், ஒரு முஸ்லிம் பொம்பிளைக்கு, அடக்கின இடத்தில் நடுகிற மீசான் கல் தெரியாதா என்று. தெரியாது. எங்களில் பெண்கள் ஜனாஸாவின் பின்னால் போவதில்லை, மையவாடிக்குள் கால் வைப்பதில்லை. உம்மாவை வாசல் வரைக்கும்தான் அனுப்பினேன். வாப்பாவையும் அப்படித்தான். மையவாடி என்று நான் கண்டதெல்லாம் பஸ் ஜன்னலில் இருந்து மதிலுக்கு மேலால் தெரியும் பற்றை. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது நிலத்தில் எப்படி நிற்கும், எவ்வளவு தூரம் தாழ்ந்திருக்கும், குழந்தைக்கு எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டதில்லை. என் உம்மாவின் தலைமாட்டில் இருப்பது கல்லா பலகையா என்றுகூட எனக்குத் தெரியாது. என் கணவர் மட்டும் அன்றைக்கு என்னோடு நின்றிருந்தால், ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். அவர் வந்து பார்த்தபோது அவை அடுப்புக் கற்களாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் கற்களைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய், தேங்காய்ப் பொச்சு மட்டையால் தேய்த்துக் கழுவினார். கரி முழுக்கப் போகவில்லை.

"எந்த இடம் எண்டு ஞாபகம் ஈக்கிதா?"

"தோண்டிப் பாப்பம்" என்றேன்.

"தோண்டப்படாது புள்ள." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உறங்கிறவனத் தோண்டி எழுப்புறதா?"

அதற்கு மேல் எனக்கு வழி இல்லை. ஞாபகத்தில்தான் தேட வேண்டும். அந்த ஞாபகமோ டிராக்டர் உருண்ட நிலம்போல் இருந்தது. கிணற்றுக்கும் மேற்கு வேலிக்கும் நடுவில் எங்கேயோ. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அன்று வெயில் எந்தப் பக்கம் இருந்தது, குடையை எந்தக் கையில் பிடித்திருந்தேன், மண்வெட்டியை எங்கே சாத்தினேன் என்று ஒவ்வொன்றாக யோசித்து மூன்று நாள் அந்தக் காணியில் நடந்தேன். கிணற்றுக் கட்டில் நான் அடுக்கின சீப்பும் பேணியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கதை சொன்னேனே, இதற்குச் சொல் என்று யாரோ கேட்பதுபோல் இருந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி அனுப்பினார். அந்தத் தாய் மன்னாரில் இருந்து வருகிறாராம், வருகிற வெள்ளிக்கிழமை. அவருடைய கணவர் மவுத்தாகிவிட்டார், தனியாகத்தான் வருகிறார்.

அவர் வந்து நிற்கும்போது கற்கள் நிலத்தில் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். வேப்பமரத்தடியில் வைத்தோம். அங்கேதான் இருந்திருக்கும் என்று கணவரிடம் அடித்துச் சொன்னேன். "அல்லாஹ் அறிவான்" என்று அவர் நட்டுக்கொடுத்தார். ஏன் வேப்பமரத்தடி என்று சொன்னேன் என்பதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. அது வீட்டின் நூலுக்கு வெளியே இருந்த மூலை. அங்கே என்றால் என் வீட்டில் ஒரு அங்குலமும் நகர வேண்டியதில்லை. இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். அப்போது என் மனதுக்கே அதை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிபோல் திரீவீலரில் வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு. கறுப்பு அபாயா, கையில் ஒரு பேக்கரிப் பை. எனக்குப் பாண் கொண்டு வந்திருந்தார், வெறுங்கையோடு வரக்கூடாதாம். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கிணற்றுக் கட்டில் கிடந்த சாமான்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுகளையும் வச்சிருக்கிறீங்களா? இந்தப் பேணி என்ட. அடியில ஆணியால குத்தி மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி தெளிச்சனான்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு வேப்பமரத்தடியைக் காட்டினேன். அவர் போய் மணலில் இருந்தார். கைகளை ஏந்தித் துஆ கேட்டார். நானும் என் கணவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தள்ளி நின்றோம். கரி பிடித்த கல்லை அவர் தடவினார். பிறகு தலையைத் திருப்பிக் கிணற்றைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், திரும்பவும் கிணற்றைப் பார்த்தார்.

"நான் இவ்வளவு தூரத்தில எண்டு நினைக்கல்ல டீச்சர். கிணத்துக்குக் கொஞ்சம் கிட்டவெண்டுதான் மனசில இருந்தது."

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அடக்கேக்க நான் குடிசைக்குள்ள கிடந்தனான். முகமும் சரியாப் பாக்கல்ல. பிறகு தண்ணி அள்ளப் போகேக்கயும் வரேக்கயும் இந்தக் கல்லு ரெண்டையும் பாத்துப் பாத்துத்தான் நடந்தனான். எத்தின வருசம். அதுவும் மறந்து போச்சு." அவர் கற்களைப் பார்த்து, நாங்கள் யாரும் அங்கே இல்லாததுபோல், மெதுவாகச் சொன்னார்: "உம்மாவ மன்னிச்சிருங்க மகன். உங்கட இடத்தையும் மறந்திட்டன்."

நான் வாழ்க்கையில் பல பிழைகளைச் சமாளித்திருக்கிறேன். கரும்பலகையில் பிழையாக எழுதிவிட்டு, நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் எழுதினேன் என்று சொன்னவள் நான். இதைச் சமாளிக்க என்னால் முடியவில்லை. ஒரு தாய் என் பொய்க்காகத் தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறார். போய் அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தேன்.

"நீங்க மறக்கல்ல" என்றேன். "நான்தான் புடுங்கின. தெரியாமப் புடுங்கிட்டேன். அடுப்புக்கு வச்ச. அந்தக் கரி அதுதான். இடம் எது எண்டு எனக்குத் தெரியாது. இதில நாங்களா வச்ச."

அவர் கரியைப் பார்த்தார். என் முகத்தில் ஒரு அறை விட்டிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப நான் மறக்கல்லயா டீச்சர்?"

"இல்ல."

"உண்மையாவா?"

"உண்மையா. நீங்க மறக்கல்ல."

அவர் எழுந்து அபாயாவில் ஒட்டின மணலைத் தட்டினார். கிணற்றடிக்குப் போனார். கட்டில் கையை வைத்து, இல்லாத குடிசை இருந்த திசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு எட்டுக்கும் உதடு அசைந்தது. மேசனின் நூலைத் தாண்டி உள்ளே போனார். முப்பத்தாறாவது எட்டில் நின்றார். பிறகு இன்னும் இரண்டு எட்டு வைத்தார்.

"அப்ப கால் எட்டி நடந்த வயசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இஞ்சதான். எனக்கு நல்லாத் தெரியும்."

குனிந்து உள்ளங்கையை மணலில் வைத்தார். பிறகு நாலு பக்கமும் போன நூலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உங்கட வீட்டில என்ன வரும் டீச்சர்?"

அது கக்கூஸ். என் கட்டத் தாளில் நேரான கோட்டில் நான் கீறின கக்கூஸ். என் கணவருக்கும் அது தெரியும். ஒரு உண்மையைச் சொல்லி இன்னும் மூச்சுக்கூட வாங்கவில்லை, அதற்குள் எனக்குப் பொய் வந்தது.

"எங்கட ஜன்னல்" என்றேன். "நாங்க படுக்கிற அறையிட ஜன்னல் இந்தப் பக்கந்தான். இதில ஒண்டும் கட்டல்ல. ஜன்னலுக்கு வெளிய வெறும் மணல்தான்."

அவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முகம் இளகியது.

"அப்ப தனிய இல்ல" என்றார். "நாங்க ஊருக்குப் போன நாள்ல இருந்து எனக்கு அது ஒண்டுதான். இருட்டுக்குள்ள, மழைக்குள்ள, தனியக் கிடக்கிறானே எண்டு. பக்கத்தில ஆக்கள் படுக்கிற எண்டா, தனிய இல்லத்தானே."

என் கணவர் முன்னுக்கு வந்தார். குனிந்து, அந்த மூலையின் ஆப்பைப் பிடுங்கினார். அடுத்த மூலைக்குப் போய் அதையும் பிடுங்கினார். நூல் மணலில் விழுந்தது.

பிறகு வேப்பமரத்தடியில் இருந்து கற்களை எடுக்க அவர் போனபோது, அந்தத் தாய் "நான் கொண்டு வாறன்" என்று ஒன்றைத் தூக்கினார். மற்றதை நான் தூக்கினேன். முருகைக்கல் பார்க்கிற அளவுக்குப் பாரம் இல்லை. மையவாடி வாசலைத் தாண்டாத இரண்டு பொம்பிளைகள், மணலில் முழங்காலில் நின்று அதை நட்டோம். தலைமாடு வடக்கே, அவ்வளவு ஆழம் வேண்டாம், கொஞ்சம் கிட்ட வையுங்கள், சின்னப் பிள்ளைதானே என்று என் கணவர் நின்ற இடத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, அப்பால் போய் நின்று அழுதார்.

ஜும்ஆவுக்கு நேரமாகிறது என்று என் கணவர் அந்தத் தாயைத் தன் வேனில் புத்தளம் பஸ் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஏறுவதற்கு முன் அவர் என் கையைப் பிடித்தார். மன்னிப்பு என்று ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் உள்ளங்கையில் இருந்த தீப்புண்ணைப் பார்த்து, கற்றாழை வைக்கச் சொன்னார்.

மேசன் ஒரு கிழமை முணுமுணுத்தார். வீட்டையே திருப்ப வேண்டியிருந்தது. விறாந்தை இப்போது களப்பைப் பார்ப்பதில்லை, ஒழுங்கையைப் பார்க்கிறது. சாய்மனைக் கதிரையில் கிடந்தால் கருவாடு காய்வதுதான் தெரியும். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. படுக்கிற அறைக்கு நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன ஜன்னலை வைத்தோம். வெளியே வெறும் மணல், இரண்டு கல்.

சில வெள்ளிக்கிழமைகளில் அவர் மன்னாரில் இருந்து போன் எடுப்பார். மழை பெய்ததா, மிளகாய் நட்டீர்களா, நானாவுக்குச் சுகமா என்று விசாரிப்பார். பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஏதோ ஞாபகம் வந்தவர் போல் ஒன்று கேட்பார்.

"ஜன்னல் திறந்து கிடக்கா டீச்சர்?"

"ஓம்" என்பேன். சொல்லிவிட்டு, போனைக் காதில் இருந்து எடுக்காமலே எழுந்துபோய்த் திறப்பேன். மற்ற நாட்களில், அந்தக் கரிக் கல் கண்ணில் படுமே என்று, அதைத் திறக்க என்னால் முடிவதில்லை.